சூடான என்ஜின் மட்டும் ஸ்டார்ட் ஆக மறுத்தால்: பழைய ஸ்போர்ட்ஸ் காரின் எரிபொருள் அமைப்பை அளந்து அறியும் முறை

நீங்கள் கேட்டிருப்பதை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். உங்களிடம் இருப்பது 1981ஆம் ஆண்டு போர்ஷே 911 எஸ்சி, ஆக்சிஜன் சென்சார் இல்லாத ஐரோப்பிய வகை. காலையில் குளிர்ந்த நிலையில் உடனே ஸ்டார்ட் ஆகிறது. ஓட்டிவிட்டு நிறுத்தி அரை மணி நேரம் கழித்து வந்தால் ஸ்டார்ட்டர் மோட்டாரை நெடுநேரம் சுற்றவிட வேண்டியிருக்கிறது. ஸ்டார்ட் ஆன பிறகும் சில விநாடிகள் தடுமாறிவிட்டே சீராகிறது. இதைத் தவிர, நெடுஞ்சாலையில் வேகம் கூடும்போது சில வேளைகளில் இழுவை குறைகிறது. பெட்ரோல் பம்ப் ஏற்கெனவே புதிதாக மாற்றப்பட்டும் பலன் இல்லை. அடுத்ததாக, ஒவ்வொரு சிலிண்டருக்கும் பெட்ரோலை அளந்து பிரித்துக் கொடுக்கும் ஃப்யூயல் டிஸ்ட்ரிபியூட்டரை மாற்றச் சொல்கிறார் உங்கள் மெக்கானிக்.

அந்த டிஸ்ட்ரிபியூட்டரை இப்போது வாங்காதீர்கள். நீங்கள் விவரிக்கும் அறிகுறிகளுக்கு அது காரணமாக இருக்கும் வாய்ப்பு குறைவு. தவிர, இந்த அமைப்பில் விலை மிகுந்த பாகமும் அதுதான். ஒரு பிரஷர் கேஜ், ஓர் அளவுக் குடுவை, ஒரு மல்ட்டிமீட்டர், அரை நாள் பொறுமை ஆகியவை இருந்தால் பழுது எங்கே இருக்கிறது என்பதை ஊகமின்றிச் சொல்லிவிட முடியும். கூடவே இன்னொன்றையும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். சூட்டில் ஸ்டார்ட் ஆகாததும் வேகத்தில் இழுவை குறைவதும் ஒரே காரணத்தால் வருகின்றன என்று முன்கூட்டியே முடிவு செய்துவிடக் கூடாது. நாற்பது ஆண்டுகளைக் கடந்த காரில் இரண்டு பழுதுகள் ஒன்றோடொன்று தொடர்பில்லாமல் அருகருகே இருப்பது மிகச் சாதாரணம்.

உங்கள் காரில் இருப்பது பாஷ் நிறுவனத்தின் கே-ஜெட்ரானிக் என்ற பெட்ரோல் செலுத்தும் அமைப்பு. 1973இல் 911 டி-யில் அறிமுகமான இந்த அமைப்பு, பிறகு 1976இன் கோல்ஃப் ஜிடிஐ, 1980இன் ஃபெராரி 308 ஜிடிபிஐ, டெலோரியன் டிஎம்சி-12 என்று பல கார்களில் இடம்பெற்றது. எனவே கீழே சொல்பவற்றில் பெரும்பகுதி அந்தக் கார்களுக்கும் பொருந்தும். எண்கள் மட்டும் காருக்குக் கார் மாறும். இதில் கணினி கிடையாது. என்ஜின் இழுக்கும் காற்று ஒரு வட்டத் தட்டை உயர்த்துகிறது. தட்டோடு இணைந்த நெம்புகோல் ஃப்யூயல் டிஸ்ட்ரிபியூட்டருக்குள் இருக்கும் பிளஞ்சர் என்ற சிறு உந்துதண்டை மேலே தள்ளுகிறது. பிளஞ்சர் உயரும் அளவுக்கு நுண்ணிய பிளவுகள் திறந்து, ஒவ்வொரு சிலிண்டருக்கும் பெட்ரோல் போகிறது. இன்ஜெக்டர்கள் மின்சாரத்தால் திறப்பவை அல்ல, ஏறத்தாழ 3.3 பார் அழுத்தத்தில் தாமாகத் திறந்து, என்ஜின் ஓடும் வரை இடைவிடாமல் தூவிக்கொண்டே இருப்பவை.

நோயறிதலுக்கு வேண்டியது மூன்று அழுத்தங்களைப் பற்றிய தெளிவு. முதலாவது அமைப்பின் முதன்மை அழுத்தம். பம்ப் தருவதை டிஸ்ட்ரிபியூட்டரின் பக்கவாட்டில் உள்ள பிரஷர் ரெகுலேட்டர் ஒரே அளவில் நிறுத்துகிறது. உங்கள் காருக்கு அது 4.5 முதல் 5.2 பார் வரை. இரண்டாவது கட்டுப்பாட்டு அழுத்தம். இது பிளஞ்சரின் தலைமீது அமர்ந்து, காற்றின் உந்தலை எதிர்த்து நிற்கிறது. இந்த அழுத்தம் குறைந்தால் தட்டு எளிதில் உயரும், பெட்ரோல் கூடும். அழுத்தம் கூடினால் பெட்ரோல் குறையும். இதைத் தீர்மானிப்பது வார்ம்-அப் ரெகுலேட்டர். அதனுள் இருக்கும் இருஉலோகப் பட்டை, குளிரில் அழுத்தத்தைத் தாழ்த்தி, மின்சூட்டாலும் என்ஜின் சூட்டாலும் மெல்ல உயர்த்துகிறது. மூன்றாவது எஞ்சிய அழுத்தம், அதாவது என்ஜினை நிறுத்திய பிறகும் குழாய்களில் தங்கி நிற்கும் அழுத்தம். உங்கள் முதல் குறை முழுக்க இந்த மூன்றாவதைத்தான் சுட்டுகிறது.

காரணம் இதுதான். காற்றால் குளிரூட்டப்படும் என்ஜினை நிறுத்தியதும் விசிறியும் நின்றுவிடுகிறது. சிலிண்டர்களின் சூடு மேலெழுந்து, அடுத்த இருபது முதல் நாற்பது நிமிடங்களில் என்ஜின் அறையின் வெப்பம் ஓட்டத்தின்போது இருந்ததைவிட அதிகமாகிறது. பெட்ரோலின் இலகுவான கூறுகள் சாதாரண வளிமண்டல அழுத்தத்தில் 35 முதல் 40 டிகிரி செல்சியஸிலேயே கொதிக்கத் தொடங்கிவிடும். குழாயில் அழுத்தம் எஞ்சியிருந்தால் கொதிநிலை உயர்ந்து, பெட்ரோல் திரவமாகவே நிற்கும். அழுத்தம் வடிந்துவிட்டால் இன்ஜெக்டர் குழாய்களில் ஆவி நிறைந்துவிடுகிறது. பிறகு ஸ்டார்ட் செய்யும்போது பம்ப் முதலில் அந்த ஆவியை அழுத்தி வெளியேற்றியாக வேண்டும். அதுவரை சிலிண்டர்களுக்கு எதுவும் போய்ச் சேராது. காலையில் இந்தத் தொல்லை வராததற்கும் இதே விளக்கம்தான்: இரவு முழுவதும் நின்ற காரில் அழுத்தம் வடிந்திருந்தாலும், குளிர்ந்த பெட்ரோல் ஆவியாகாது, பம்ப் ஓடியவுடன் அழுத்தம் எழுந்துவிடும், குளிர்நிலை வால்வும் கூடுதல் பெட்ரோலைத் தந்து உதவும்.

இவ்வளவு பொருந்தி வந்தாலும், முதலில் ஸ்பார்க் இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். உங்கள் காரின் சிடிஐ (மின்தேக்கியால் ஸ்பார்க்கை உண்டாக்கும்) இக்னிஷன் பெட்டியும் சூட்டில் மயங்கிக் குளிர்ந்ததும் தெளியக்கூடியது. அதன் அறிகுறியும் ஏறத்தாழ இப்படியே இருக்கும். ஸ்டார்ட் ஆகாமல் நிற்கும் அந்த நேரத்திலேயே ஸ்பார்க் டெஸ்டரைப் பொருத்திப் பாருங்கள். பிளக் வயரைக் கையில் பிடித்து உலோகத்தில் தீப்பொறி பாய்ச்சிப் பார்க்கும் பழைய பழக்கம் சிடிஐ அமைப்பில் ஆபத்தானது; அந்த மின்னழுத்தம் உயிருக்கே கேடு செய்யக்கூடும். ஸ்பார்க் வலுவாக இருந்தால் ஒரு பிளக்கைக் கழற்றி அதன் நிலையைக் கவனியுங்கள். பெட்ரோலில் நனைந்து மணம் வீசினால், என்ஜினுக்குள் பெட்ரோல் கசிந்து தேங்கியிருக்கிறது. உலர்ந்திருந்தால், பெட்ரோல் வந்து சேரவில்லை. ஸ்டார்ட் ஆகும் விதமும் தகவல் தரும்: கரும்புகையோடு எழுந்தால் மிகுதி, ஒவ்வொரு சிலிண்டராக வந்து சேர்ந்துகொள்வதுபோல் தடுமாறி எழுந்தால் ஆவி. உங்கள் வர்ணனை இரண்டாவதற்கு நெருக்கமாக இருக்கிறது.

கருவி எதுவும் இல்லாமலே செய்யக்கூடிய ஒரு சோதனை உண்டு. கேஜ் வாங்குவதற்கு முன்பே இதைச் செய்துவிடலாம். காரைச் சூடாக்கி நிறுத்தி, தொல்லை தரும் அந்த அரை மணி நேரம் காத்திருங்கள். பிறகு ஸ்டார்ட்டரைத் தொடாமல், பம்பை மட்டும் ஐந்தாறு விநாடிகள் ஓடவிடுங்கள். காற்றுத் தட்டின் அருகிலுள்ள பாதுகாப்பு சுவிட்சின் இணைப்பைக் கழற்றிவிட்டு இக்னிஷனை ஆன் செய்தால் பம்ப் ஓடும். அல்லது ரிலேயின் இடத்தில் பியூஸ் பொருத்திய இணைப்பு வயரால் ஓட்டலாம். அந்த நேரத்தில் காற்றுத் தட்டை உயர்த்திவிடக் கூடாது. உயர்த்தினால் எல்லா இன்ஜெக்டர்களும் தூவி என்ஜினை மூழ்கடித்துவிடும். பிறகு இணைப்பை முன்போல் பொருத்தி ஸ்டார்ட் செய்யுங்கள். உடனே கிளம்பினால் எஞ்சிய அழுத்தம் வடிகிறது என்பது உறுதி. அப்போதும் நெடுநேரம் சுற்றினால் கசியும் இன்ஜெக்டரோ, கட்டுப்பாட்டு அழுத்தமோ, காற்றுக் கசிவோ காரணமாக இருக்கலாம்.

அளவீட்டுக்குப் போகுமுன் பாதுகாப்பைப் பற்றிச் சில வார்த்தைகள். இந்தக் குழாய்களில் நிற்பது 5 பார் அழுத்தத்தில் உள்ள பெட்ரோல். இணைப்பைக் கழற்றும்போது துணியால் மூடி, மெல்லத் தளர்த்தி, பீறலைத் துணிக்குள் வாங்கிக்கொள்ளுங்கள். கண்ணாடி அணியுங்கள். என்ஜின் முழுக்கக் குளிர்ந்த பிறகே குழாயைத் திறங்கள். திறந்த வெளியில் செய்யுங்கள். சூடாகும் பல்ப் விளக்கு வேண்டாம். தீயணைப்பான் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும். பம்புக்கான மின்னிணைப்பை எங்கே துண்டிப்பது என்பது தொடங்குமுன்பே தெரிந்திருக்க வேண்டும். கழற்றிய ஒவ்வொரு பான்ஜோ இணைப்புக்கும் (துளையுள்ள போல்ட்டால் இறுக்கப்படும் குழாய் இணைப்பு) புதிய செப்பு வாஷர் போடுங்கள். பழைய வாஷரை மிச்சம்பிடித்துத் திரும்பப் போட்டதால் கசிந்து தீப்பற்றிய கார்கள் உண்டு என்பதால் இதை வலியுறுத்திச் சொல்கிறேன்.

கேஜைப் பொருத்த வேண்டிய இடம் டிஸ்ட்ரிபியூட்டரின் தலையிலிருந்து வார்ம்-அப் ரெகுலேட்டருக்குப் போகும் குழாய். கே-ஜெட்ரானிக் சோதனைக்கென்றே விற்கப்படும் கேஜ் தொகுப்பில் ஒரு மூடு வால்வு இருக்கும். அந்த வால்வு ரெகுலேட்டரின் பக்கமாகவும், கேஜ் டிஸ்ட்ரிபியூட்டரின் பக்கமாகவும் அமைய வேண்டும். வால்வை மூடினால் கேஜ் முதன்மை அழுத்தத்தைக் காட்டும்; திறந்தால் கட்டுப்பாட்டு அழுத்தத்தைக் காட்டும். திசை மாறிப் பொருத்திவிட்டு, வந்த எண்களைப் பார்த்துக் குழம்புகிறவர்கள் பலர்.

என்ஜின் முழுக்கக் குளிர்ந்திருக்கும்போது, ரெகுலேட்டரின் மின்னிணைப்பைக் கழற்றிவிட்டு, பம்பை மட்டும் ஓடவிடுங்கள். வால்வை மூடி முதன்மை அழுத்தத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். அது 4.5க்குக் கீழே இருந்தால், டேங்குக்குத் திரும்பும் குழாயை ஒரு கணம் மெல்ல நெருக்கிப் பாருங்கள்: அழுத்தம் சட்டென்று ஏறினால் பம்ப் நலமாக இருக்கிறது, பிரஷர் ரெகுலேட்டரில்தான் கோளாறு, ஏறாவிட்டால் வரத்துப் பக்கத்தில் தடை இருக்கிறது. பிறகு வால்வைத் திறந்து, குளிர்நிலைக் கட்டுப்பாட்டு அழுத்தத்தைக் குறியுங்கள். இது சுற்றுப்புற வெப்பநிலையையும் ரெகுலேட்டரின் எண்ணையும் பொறுத்தது. பழுதுபார்ப்புக் கையேட்டில் இதற்கான வரைபடம் இருக்கும். மிதமான வெப்பநிலையில் பொதுவாக 2 பாருக்குக் கீழேயே இருக்க வேண்டும். அடுத்து மின்னிணைப்பைத் திரும்பப் பொருத்தினால் சில நிமிடங்களில் அழுத்தம் படிப்படியாக ஏறி, 3.4 முதல் 3.8 பார் அளவில் நிலைகொள்ள வேண்டும். வெற்றிடக் குழாய் இணைந்த வகை ரெகுலேட்டராக இருந்தால், வெற்றிடம் கொடுக்காமல் அளக்கும்போது இதைவிடக் குறைவாகவே காட்டும். அதைப் பழுது என்று எண்ணிவிடாதீர்கள். கைப்பம்பால் வெற்றிடம் கொடுத்துப் பார்த்தால் எண் உயர்வதைக் காணலாம்.

அழுத்தம் ஏறவே இல்லையென்றால் இணைப்பில் 12 வோல்ட் வருகிறதா, சூடேற்றும் கம்பியில் தொடர்ச்சி இருக்கிறதா என்று பாருங்கள். தொடக்கத்திலேயே அளவுக்கு மீறி இருந்தால், ரெகுலேட்டரின் நுழைவாயிலில் உள்ள மிகச் சிறிய வலைவடிகட்டி துருவால் அடைபட்டிருக்கலாம். அப்படியானால் பெட்ரோல் குறைந்து குளிரில் ஸ்டார்ட் ஆவது கடினமாகும். உங்கள் கார் காலையில் உடனே கிளம்புவதால் அந்த வாய்ப்பு குறைவு.

இப்போது உங்கள் குறைக்கு நேரடியாக வரும் பகுதி. காரைச் சூடாகும் வரை ஓட்டி, வால்வு திறந்த நிலையில் நிறுத்துங்கள். நிறுத்தியவுடன் அழுத்தம் இன்ஜெக்டர்கள் மூடிக்கொள்ளும் அளவுக்குக் கீழே இறங்குவது இயல்பு. இறங்கத்தான் வேண்டும், இல்லையென்றால் அவை தொடர்ந்து சொட்டும். அதன் பிறகு முள் நிற்க வேண்டும். பத்து நிமிடத்திலும் இருபது நிமிடத்திலும் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். துல்லியமான எல்லை கையேட்டில் இருக்கும்; இருபது நிமிடம் கழித்தும் 1 பாருக்கு மேல் நிற்கும் அமைப்பு பொதுவாகத் தொல்லை தராது. ஓரிரு நிமிடங்களில் பூஜ்யத்தைத் தொட்டால், பெட்ரோல் எங்கோ ஒரு வழியாகத் தப்பிக்கிறது. அது தப்பிக்கக்கூடிய வழிகள் எண்ணி ஆறுதான். ஒவ்வொன்றாக அடைத்துப் பார்த்தால் எந்த வழி என்பது தெரிந்துவிடும்.

முதலில் கேஜின் வால்வை மூடிச் சோதனையைத் திரும்பச் செய்யுங்கள். இப்போது முள் நிற்கிறதென்றால் கசிவு வார்ம்-அப் ரெகுலேட்டர் வழியாகத் திரும்பும் பாதையில் இருக்கிறது. நிறுத்தும்போது அந்தப் பாதையை அடைக்க வேண்டியது, முதன்மை பிரஷர் ரெகுலேட்டரோடு சேர்ந்திருக்கும் ஒரு சிறு தள்ளு வால்வு. அதன் ஓ-ரிங் (கசிவைத் தடுக்கும் ரப்பர் வளையம்) தேய்ந்திருக்கும். வால்வை மூடியும் வடிந்தால், பம்புக்கும் டேங்குக்கும் இடையே உள்ள மென்மையான ரப்பர் ஹோஸை, அதற்கென்று உள்ள கிளாம்ப்பால் நெருக்கிவிட்டு மறுபடியும் பாருங்கள். என்ஜினை நிறுத்திய அக்கணமே நெருக்க வேண்டும். பம்ப் ஓடும்போது நெருக்கினால் பம்ப் வறண்டு கெடும். இப்போது முள் நின்றால் பம்பின் வாயில் இருக்கும் செக் வால்வு (ஒருவழி வால்வு) பின்னோக்கிக் கசிகிறது.

என் கணிப்பு இங்கேதான் நிற்கிறது. புதிய பம்ப் போடப்பட்டது என்று எழுதியிருக்கிறீர்கள். செக் வால்வு பம்போடு பிறந்த பாகம் அன்று, அதன் வாயில் திருகிப் பொருத்தப்படும் தனிப் பாகம். பம்பை மாற்றுபவர்கள் பழைய செக் வால்வையே கழற்றிப் புதிய பம்பில் திருகிவிடுவது உண்டு. சில மாற்றுப் பம்புகளோடு வரும் வால்வு சரியாக அமராததும் உண்டு. பம்ப் மாற்றியும் பலன் இல்லாமல் போனதற்கு இது எளிமையான விளக்கம். விலையும் மிகக் குறைவு. ஆனாலும், நெருக்கிப் பார்த்த சோதனை சொல்லாமல் இதையும் வாங்க வேண்டாம்.

மூன்றாவது வழி அக்யுமுலேட்டர். பம்ப் நின்ற பிறகு அழுத்தத்தைத் தாங்குவதற்காகவே உள்ள இந்தப் பாகத்தில், ஒரு பக்கம் பெட்ரோலும் மறுபக்கம் சுருள்வில்லும், நடுவே ஒரு சவ்வும் இருக்கின்றன. சுருள்வில் பக்கத்தில் உள்ள சிறு குழாயைக் கழற்றிவிட்டு, பம்பை ஓட்டுங்கள். அங்கே பெட்ரோல் வரவே கூடாது. ஈரம் தெரிந்தாலும் சவ்வு கிழிந்துவிட்டது என்று பொருள். சவ்வு முழுமையாக இருந்தும் வில் தளர்ந்திருந்தால் பெட்ரோல் வெளியே வராது, ஆனால் தேக்கும் திறன் குறைந்திருக்கும். மற்ற எல்லா வழிகளையும் அடைத்த பிறகும் முள் இறங்கினால் இதைச் சந்தேகிக்கலாம். இத்தனை ஆண்டுகள் கழித்தும் தொழிற்சாலையில் பொருத்திய அக்யுமுலேட்டரே இருக்கிறதென்றால், மாற்றுவதில் தவறில்லை.

நான்காவது, முதன்மை பிரஷர் ரெகுலேட்டரின் ஓ-ரிங். டேங்குக்குத் திரும்பும் மென்குழாயை நிறுத்தியவுடன் நெருக்கிப் பார்த்தால் இது வெளிப்படும். சில ரூபாய்களில் முடியும் வேலை. ஆனால் அதைத் திறக்கும்போது உள்ளே உள்ள சரிசெய் தகடுகளை இழக்காமல் எடுத்து வையுங்கள். முதன்மை அழுத்தத்தை நிர்ணயிப்பவை அவைதான். ஐந்தாவது குளிர்நிலை வால்வு: கழற்றி, நுனியைத் துடைத்துவிட்டு, பம்ப் ஓடும்போது ஒரு நிமிடம் கவனியுங்கள். ஒரு சொட்டுகூடத் திரளக் கூடாது. இது கசிந்தால், தேங்கிய ஆவி பின்தீயாக வெடித்து, உங்கள் காரின் பிளாஸ்டிக் காற்றுப்பெட்டியைப் பிளந்துவிடும் ஆபத்தும் இருப்பதால் அலட்சியம் வேண்டாம்.

ஆறாவது வழி இன்ஜெக்டர்கள். ஆறையும் குழாய்களோடு வெளியே எடுத்து, ஆறு அளவுக் குடுவைகளில் விட்டு, பம்பை ஓட்டிக் காற்றுத் தட்டை மெல்ல உயர்த்துங்கள். நல்ல இன்ஜெக்டர் நுண்துளிகளாகக் கூம்பு வடிவில் தூவும். அதன் ஊசி விநாடிக்குச் சுமார் 1500 முறை அதிர்வதால் எழும் மெல்லிய கீச்சொலியும் கேட்கும். கோடாகப் பீய்ச்சுவதும், பக்கவாட்டில் சாய்வதும், சொட்டுவதும் கேடு. தட்டை விட்டபின் கால் நிமிடம் வரை நுனியில் சொட்டு திரளக் கூடாது.

இந்தக் குடுவைச் சோதனைதான் ஃப்யூயல் டிஸ்ட்ரிபியூட்டர் மீதான வழக்கையும் தீர்த்துவைக்கிறது. தட்டைச் சிறிதளவு உயர்த்தி ஒருமுறை, முழுக்க உயர்த்தி ஒருமுறை என்று ஆறு குடுவைகளின் அளவையும் ஒப்பிடுங்கள். ஒன்றில் மட்டும் குறைந்தால், அந்த இன்ஜெக்டரை வேறொரு குழாய்க்கு மாற்றிப் பொருத்தித் திரும்ப அளங்கள். குறைவு இன்ஜெக்டரோடு போனால் பழுது இன்ஜெக்டரில். குழாயோடு தங்கினால் டிஸ்ட்ரிபியூட்டரில். கூடவே, எஞ்சிய அழுத்தம் இருக்கும்போது தட்டைக் காந்தத்தால் மெல்ல உயர்த்திப் பாருங்கள்: வழி முழுவதும் ஒரே சீரான எதிர்ப்பு தெரிய வேண்டும், விரைந்து கீழே தள்ளும்போது எதிர்ப்பு இருக்கக் கூடாது. நடுவே சிக்கினால், பழைய பெட்ரோலின் பிசின் பிளஞ்சரைப் பிடித்திருக்கிறது, அல்லது தட்டு மையம் விலகிச் சுவரில் உரசுகிறது. இரண்டாவதைச் சரிசெய்வது எளிது. டிஸ்ட்ரிபியூட்டரைப் பிரிக்கும் எண்ணம் மட்டும் வேண்டாம். அதன் பிளவுகள் 0.2 மில்லிமீட்டர் அகலமே கொண்டவை. பிளஞ்சரும் உருளையும் ஒன்றுக்கென்று மற்றொன்று கடைந்தவை. உங்கள் சோதனையில் அளவுகள் சமமாக வந்தால், அந்தப் பாகம் நலமாக இருக்கிறது என்று மெக்கானிக்கிடம் எண்களைக் காட்டிச் சொல்லலாம், அவரும் ஏற்றுக்கொள்வார்.

அடுத்து நெடுஞ்சாலையில் இழுவை குறைவது. இதில் பார்க்க வேண்டியது அழுத்தத்தை அல்ல, ஓட்டத்தின் அளவை. முதன்மை அழுத்தம் சரியாக இருந்தும் பெட்ரோலின் அளவு போதாமல் இருக்கலாம். ஐட்லிங்கில் அது தெரியாது, முழு வேகத்தில்தான் தெரியும். டிஸ்ட்ரிபியூட்டரிலிருந்து டேங்குக்குத் திரும்பும் குழாயைக் கழற்றிப் பெரிய கலனில் விட்டு, பம்பைச் சரியாக 30 விநாடிகள் ஓட்டி அளங்கள். கே-ஜெட்ரானிக் கார்களின் கையேடுகளில் இதற்கான குறைந்தபட்ச அளவு பெரும்பாலும் முக்கால் லிட்டரிலிருந்து தொடங்குகிறது. உங்கள் கையேட்டில் உள்ள எண்ணே இறுதியானது. அளக்கும்போதே பம்பின் முனைகளில் மின்னழுத்தத்தையும் பாருங்கள். பாட்டரியில் 12.5 இருந்து பம்பில் 10.5 மட்டுமே வந்தால், பழுது பம்பில் இல்லை. பாசி பிடித்த பியூஸ் இருக்கை, கருகிய ரிலே முனை, துருவேறிய எர்த் இணைப்பு ஆகியவற்றில் ஒன்றில் இருக்கிறது.

மின்னழுத்தம் சரி, அளவு குறைவு என்றால் ஃபில்டரை மாற்றுங்கள். பழைய ஃபில்டரின் நுழைவாயிலை ஒரு வெள்ளைத் தட்டில் கவிழ்த்துப் பாருங்கள். செம்பழுப்பு நிறத் துகள் விழுந்தால் டேங்கின் உட்புறம் துருப்பிடித்திருக்கிறது. டேங்கின் அடியில் உள்ள வலைவடிகட்டியும் அடைபட்டிருக்கும். டேங்கைச் சரிசெய்யாமல் ஃபில்டரை மட்டும் மாற்றினால் சில மாதங்களில் அதே இடத்தில் வந்து நிற்பீர்கள். இன்னொன்று பலர் கவனிக்காதது: டேங்கின் காற்றோட்டக் குழாய். அது அடைபட்டால், பெட்ரோல் குறையக் குறைய டேங்குக்குள் வெற்றிடம் உருவாகி, பம்பால் இழுக்க முடியாமல் போகிறது. அரை மணி ஓட்டத்துக்குப் பின் தொல்லை தொடங்கி, நிறுத்தி ஓய்வெடுத்தால் மறைவது இதன் அடையாளம். இழுவை குறைந்தவுடன் பாதுகாப்பான இடத்தில் நிறுத்தி டேங்க் மூடியைத் திறங்கள். காற்று உள்ளே இழுக்கும் ஓசை கேட்டு, பிறகு கார் சரியாக ஓடினால் வேறு சோதனை தேவையில்லை.

காற்றுக் கசிவைப் பற்றியும் சொல்ல வேண்டும். தட்டின் வழியாக வராமல் வேறு வழியில் நுழையும் காற்றை இந்த அமைப்பு அறியாது. அதற்கேற்ற பெட்ரோலும் தராது. ஐட்லிங்கில் எண்ணெய் மூடியைத் திறந்து பாருங்கள். 911இல் கிராங்க்கேஸின் காற்றும் உள்ளிழுப்போடு இணைந்திருப்பதால், மூடியைத் திறந்ததும் என்ஜின் தடுமாற வேண்டும். எந்த மாற்றமும் இல்லையென்றால் ஏற்கெனவே வேறெங்கோ கசிவு இருக்கிறது. இன்ஜெக்டர் ஓ-ரிங்குகள், உள்ளிழுப்புக் குழாய்களின் ரப்பர் இணைப்புகள், காற்றுப்பெட்டியின் விரிசல் ஆகியவை வழக்கமான இடங்கள். எளிதில் தீப்பற்றும் தெளிப்பானைச் சூடான என்ஜினின் மீது அடித்துத் தேடுவதைவிட, புகைக் கருவியால் தேடுவது பாதுகாப்பானது, துல்லியமானதும்கூட.

இவை அனைத்தும் முடியும் வரை, தட்டுக்கும் டிஸ்ட்ரிபியூட்டருக்கும் இடையே உள்ள, காற்று-பெட்ரோல் விகிதத்தை மாற்றும் கலவைத் திருகை யாரும் தொடவிடாதீர்கள். 3 மில்லிமீட்டர் ஆலன் கீயால் கால் திருப்புத் திருப்பினாலே கலவை தலைகீழாக மாறிவிடும். காற்றுக் கசிவையோ தவறான கட்டுப்பாட்டு அழுத்தத்தையோ அந்தத் திருகால் மூடி மறைத்துவிட முடியும் என்பதுதான் அதன் கேடு. மறைந்த பழுது வேறொரு வெப்பநிலையில் மீண்டும் தலைகாட்டும், அப்போது கண்டுபிடிப்பது இருமடங்கு கடினம். அமெரிக்காவுக்கென்று 1980 முதல் விற்கப்பட்ட எஸ்சி-களில் ஆக்சிஜன் சென்சாரும் அதிர்வெண் வால்வும் கூடுதலாக உண்டு; அவற்றில் கலவையைச் சரிபார்க்கும் முறை வேறு. உங்கள் வகையில் புகைவாயுவின் கார்பன் மோனாக்சைடு அளவே வழிகாட்டி.

எத்தனால் கலந்த பெட்ரோலைப் பயன்படுத்துகிறீர்களா என்று நீங்கள் குறிப்பிடவில்லை. பயன்படுத்துவதாக இருந்தால், எத்தனாலைத் தாங்கும் என்று அச்சிடப்பட்ட ஹோஸ்களையும் ஓ-ரிங்குகளையும் மட்டுமே வாங்குங்கள். எத்தனால் பழைய ரப்பரை உப்பவும் வெடிக்கவும் செய்வதோடு, ஈரத்தையும் ஈர்த்துக்கொள்கிறது; மாதக்கணக்கில் நிற்கும் காரில் அந்த ஈரம் டேங்கின் அடியில் தனியாகப் பிரிந்து தங்கித் துருவை வளர்க்கும். நெடுங்காலம் நிறுத்துவதாக இருந்தால், புதிய பெட்ரோலால் டேங்கை நிரப்பி வைப்பது நல்லது. அரைகுறையாக விட்டால் உள்ளே ஈரக்காற்றுக்கு இடம் கிடைக்கிறது.

நீங்கள் தொடங்க வேண்டிய வரிசை இது: முதலில் ஸ்பார்க், பிறகு பம்பை மட்டும் ஓட்டிப் பார்க்கும் சோதனை, பிறகு கேஜ், பிறகு கசிவைத் தேடும் சோதனைகள், அதன்பின் 30 விநாடி அளவு. எண்களைத் தேதியோடும் வெப்பநிலையோடும் எழுதி வைத்து அனுப்புங்கள். குறிப்பாக நிறுத்திய பத்தாவது, இருபதாவது நிமிட அழுத்தங்கள், வால்வு திறந்த நிலையிலும் மூடிய நிலையிலும் தனித்தனியாக வேண்டும். பாகத்தை மாற்றிய பிறகு, காரைச் சூடேறும் வரை ஓட்டி நிறுத்தி, திறந்த ஒவ்வொரு இணைப்பையும் உலர்ந்த காகிதத்தால் துடைத்து ஈரம் இருக்கிறதா என்று பாருங்கள். மறுநாள் குளிர்ந்த நிலையிலும் ஒருமுறை துடைத்துப் பார்த்த பிறகே கலவை அளவீட்டுக்குக் கொண்டுபோங்கள்.